நிற்கத் தெரியாத கலம்

வெற்றிலைத் தட்டம் இல்லாத திண்ணையை என் சிறுபிராயத்தில் வலிகாமத்து ஊர்களிற் காண்பது அரிது. வந்தவருக்கு முதலிற் செம்பிலே தண்ணீர், அடுத்தபடி தட்டம். அதிலே கொழுந்து வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு, ஓரத்திற் கன்னங்கரிய ஒரு துண்டுப் புகையிலை. எமது செம்மண்ணில் விளைந்த அப்புகையிலை ஒரு காலத்திலே கடல்தாண்டித் திருவிதாங்கூர் வரை சென்று பொன்னாய்த் திரும்பியது என்பதை வரலாறு படித்தோர் அறிவர். ஏற்றுமதி போக எஞ்சியது எங்கள் தட்டங்களுக்கு வந்து சேர்ந்தது.

என் அம்மம்மாவுக்குப் பல் விழுந்த பின்னரும் அப்பழக்கம் விழவில்லை. பாக்குரலில் இட்டு இடித்து, இடித்ததைக் கொடுப்பினுள் அடக்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை ஏதேனும் ஒரு வேலையில் இருப்பார். வெற்றிலை அடங்கும் அந்த இடத்திலேதான் ஒரு வெள்ளைத் தழும்பு தோன்றியது. சுண்ணாம்பு சுட்ட இடம் என்றார் அவர், நாங்களும் நம்பினோம். ஆண்டு இரண்டு கழிந்தது. தழும்பின் நடுவிலே ஒரு புண் வந்தது, அது ஆறவில்லை, நோகவுமில்லை. நோகாதபடியால் அவர் எவரிடமுஞ் சொல்லவில்லை. கழுத்திலே புளியங்கொட்டை அளவிற் கட்டியொன்று தட்டுப்பட்ட பின்னரே வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். அவர் கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார். வாயினுள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பின்பு என்னைத் தனியே அழைத்து, “இது நடந்துவிட்டது, தம்பி” என்றார்.

‘நிகழ்ந்துவிட்டது’ என்னும் பொருளில் அவர் சொன்னார் என்றே அப்பொழுது கொண்டேன். அவர் கருதியது வேறு. கொடுப்பில் இருந்த கலம் கழுத்துக்கு நடந்துவிட்டது என்பதையே அவர் சொன்னார்.

காலில்லாத ஒன்று நடப்பது எங்ஙனம்? அதற்கு ‘நட’ என்று சொல்பவர் யார்? இவ்வினாக்களை நெடுங்காலம் மனத்திலே வைத்திருந்தேன். விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது வேறொரு வினாவே பெரிதென்று கண்டேன்: ‘நில்’ என்று சொல்பவர் யார்?

கலம் நடப்பது நோயன்று என்பதை வாசகர் முதலில் மனங்கொள்ளல் வேண்டும். கருவிலே நாம் உருவானபோது கலங்கள் கூட்டங் கூட்டமாய் நடந்தே தத்தம் இடத்தை அடைந்தன. முதுகுப்புறத்திற் பிறந்து முகத்து எலும்பாகவும் தோலின் நிறக்கலமாகவும் மாறும் கலங்கள் வந்த வழி, அவற்றின் பருமனோடு ஒப்பிட்டால், தேசாந்தரப் பயணமே. கையில் அரிவாள் கீறினால் ஓரத்துத் தோற்கலங்கள் தவழ்ந்து வந்து இடைவெளியை மூடுகின்றன. முள் தைத்த இடத்துக்கு வெண்குருதிக் கலம் குழாய்ச் சுவரை நெரித்துக்கொண்டு வெளியேறி ஓடிவருகிறது. அது நிமிடத்துக்குப் பத்து மைக்கிரோமீற்றர் வரை செல்லும். ஒரு தலைமயிரின் அகலத்தைப் பத்து நிமிடத்திற் கடந்துவிடும். நாரிழைகளைச் சுரக்கும் இணைப்பிழையக் கலமோ மந்த நடையது. அதே மயிரகலத்துக்கு அதற்கு மூன்று மணி நேரமும் பிடிக்கும்.

அந்நடையின் முறையை அறிய நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. ஒரு பனையடியில் நின்று மேலே பார்த்தாற் போதும். பனையேறும் தொழிலாளி கைகளை மேலே நீட்டி மரத்தை அணைத்துப் பற்றுகிறார். பின்பு உடலை இழுத்து, தளைநார் பூட்டிய கால்களை மேலே கொண்டுவந்து ஊன்றுகிறார். கால் பிடித்தபின் கையை விடுகிறார். மீண்டும் நீட்டல், பற்றல், இழுத்தல், விடல். கலமும் இதனையே செய்கின்றது. முன்புறத்திலே மெல்லிய விளிம்பொன்றை நீட்டுகிறது. அவ்விளிம்பின் அடியிலே பற்றுப் புள்ளிகளை ஊன்றுகிறது. உட்புற இழைகளைச் சுருக்கி உடலை முன்னே இழுக்கிறது. பின்புறத்துப் பற்றை விடுகிறது. பற்றாவிட்டால் விழுவார் என்பது எவருக்கும் விளங்கும். விடாவிட்டால் ஏறவே முடியாது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

இனி, பற்று என்றும் விடு என்றும் கலத்தினுள்ளே ஆணை செல்லும் வழி. அவ்வழிகளுள் மிக முக்கியமானதற்குப் புரதங்களின் பொசுபோரிலேற்றம் என்று பெயர். சொல்லைக் கேட்டவுடன் மாணவர் முகஞ் சுளிப்பர். சுளிக்க வேண்டியதில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை இங்கே பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலும் வெளிவந்தது. அக்காலத்து மாணவர் இதனினும் கடிய சொற்களை விழுங்கிச் செரித்தவர்கள்.

சொல்தான் கடியது, பொருள் எளியது. பொசுபரசு அணு ஒன்றை ஒட்சிசன் அணுக்கள் சூழ்ந்த சிறு கூட்டம் பொசுபேற்று. கலத்தின் சக்தி நாணயமாகிய ஏ.ரி.பி. என்னும் மூலக்கூற்றிலே இவ்வாறான மூன்று கூட்டங்கள் வரிசையாய்த் தொங்குகின்றன. அவற்றுட் கடைசியானதைக் கழற்றி ஒரு புரதத்தின் மேல் ஒட்டவைக்கும் நொதியத்துக்குக் கைனேசு என்று பெயர். ஒட்டியதைக் கழற்றும் நொதியம் பொசுபற்றேசு. புரதத்திலே எங்கும் ஒட்ட இயலாது. பெரும்பாலும் செரீன், திரியோனீன், தைரோசீன் என்னும் மூன்று அமினோ அமிலங்களே அதற்கு இடந்தருவன. பொசுபேற்று எதிரேற்றம் உடையது. அது வந்து ஒட்டியவுடன் புரதத்தின் மடிப்புக்கள் ஓரிடத்தில் இழுபட்டும் ஓரிடத்தில் விலகியும் புதிய உருவம் கொள்கின்றன. உருவம் மாறவே தொழில் மாறுகின்றது. உறங்கிய நொதியம் விழிக்கும். சிலவேளை விழித்திருந்தது உறங்கும். அணுக்கள் நாலைந்தின் வரவுக்கும் செலவுக்கும் இத்தனை விளைவு! மனித மரபுத்தொகுதியை முற்றும் வாசித்த ஆய்வாளர் 2002 இல் அதிலே 518 கைனேசுகளை எண்ணிக் காட்டினர்.

இப்பொசுபேற்றின் கதையிலே எமக்கு அணித்தான ஒருவருக்கும் பங்குண்டு. ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் 1895 இற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று, 1923 இல் பொஸ்ரன் நகருக்குக் கப்பலேறியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியிலே சைரஸ் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து, திரவமொன்றிலுள்ள பொசுபரசின் அளவை நீலநிறத்தின் செறிவைக் கொண்டு அறியும் முறையை 1925 இல் வெளியிட்டார். அம்முறையைக் கைக்கொண்டே அவ்விருவரும் தசையில் இருக்கும் கிரியேற்றின் பொசுபேற்றைக் கண்டனர். 1929 இலே ஏ.ரி.பி.யையும் கண்டனர், யேர்மனியிற் கார்ல் லோமனும் அதனைத் தனியே கண்டிருந்தார். நோபல் பரிசு பெறாமலே 1948 இற் சுப்பாராவ் மறைந்தார். அவர் முறையால் நீலநிறங் கண்ட மாணவர் ஆயிரக்கணக்கினர். அவருட் பெயர் அறிந்தோர் சிலரே.

புரதத்தின் மேற் பொசுபேற்று ஏறியும் இறங்கியும் அதன் தொழிலை மாற்றுகிறது என்பதை 1955 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்திலே எட்மண்ட் பிஷரும் எட்வின் கிறெப்ஸும் காட்டினர். அவர்கள் ஆராய்ந்தது தசையிற் சேமித்த மாப்பொருளை உடைக்கும் நொதியத்தை. இந்தத் தந்திரம் அந்த ஒரு நொதியத்துக்கு மட்டும் உரியது என்றே பலரும் எண்ணினர். உயிர் முழுவதற்கும் பொதுவான மொழி அது என்று உலகம் உணர்ந்து, அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கியது 1992 இலே.

ஆயினும் நடைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது வேறொரு வாயிலால். அவ்வாயில் ஒரு கோழி.

நியூயோர்க்கிலே பேய்ற்றன் றௌஸ் என்னும் மருத்துவரிடம் கட்டி வளர்ந்த பெட்டைக் கோழி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். அக்கட்டியை அரைத்து, கலம் ஒன்றும் புகாதபடி வடிகட்டி, வடித்த நீரை வேறு கோழிக்கு ஏற்றினார் அவர். அதற்கும் கட்டி வந்தது. புற்றை உண்டாக்கும் வைரசு ஒன்று உண்டு என்று 1911 இல் அவர் எழுதியதை நம்பியவர் மிகச் சிலர். நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது 1966 இலே. அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தேழு. பின்னர் அவ்வைரசினுள் கட்டியை உண்டாக்கும் மரபணுவைத் தனியே கண்டு ‘சார்க்’ என்று பெயரிட்டனர். 1976 இல் பிஷப், வார்மஸ் ஆகியோரும் அவர்தம் கூட்டாளிகளும் காட்டியது அதனினும் வியப்பு: அம்மரபணு வைரசின் சொந்தச் சொத்தன்று, நோயில்லாத கோழியின் கலத்திலே பண்டுதொட்டு இருப்பது, வைரசு அதனைக் களவாடியது. எமது கலத்திலும் அது உண்டு.

அந்தச் சார்க் ஒரு கைனேசு. அது எவ்விடத்திற் பொசுபேற்றை ஒட்டுகிறது என்பதைக் கண்ட வரலாறு ஆய்வுகூட மாணவருக்கு ஆறுதல் தருவது. 1979 இலே ரோனி ஹன்ரர் கலிபோர்னியாவில் வேறொரு வைரசின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமினோ அமிலங்களைப் பிரிக்கும் கரைசலைப் புதிதாய்ச் செய்யச் சோம்பி, பழையதையே பயன்படுத்தினார். பழமையால் அதன் அமிலத்தன்மை சிறிது கூடியிருந்தது. வழக்கமான கரைசலில் ஒன்றாகவே ஓடும் இரண்டு புள்ளிகள் அன்று பிரிந்து நின்றன. ஒன்று பொசுபேற்றேறிய திரியோனீன். மற்றையது எவரும் எதிர்பாராத பொசுபேற்றேறிய தைரோசீன். சார்க்கும் தைரோசீனிலேயே ஒட்டுவது என்று விரைவிலே தெளிவாயிற்று. கலத்தின் பொசுபேற்றுகளுள் தைரோசீனில் ஏறுவது மிகச் சொற்பம். ஆனால், வளர்தலும் நடத்தலும் பெரிதும் அச்சொற்பத்தின் கையில் இருக்கின்றன. (மாணவர் இதனைக் காட்டிப் பழைய கரைசல்களைச் சேமித்து வைக்க முற்படுவார்களாயின், பொறுப்பு என்னுடையதன்று.)

கோழியின் சார்க்குக்கும் வைரசு களவாடிய சார்க்குக்கும் என்ன வேற்றுமை? கோழியினதற்கு வால் உண்டு. அவ்வாலிலே ஒரு தைரோசீன். அதன் மேற் பொசுபேற்று ஏறியிருக்கும்போது வால் மடிந்து புரதத்தின் உடலோடு பூட்டிக்கொள்கிறது, சார்க் உறங்குகிறது. பொசுபேற்று கழன்றால் வால் விரிகிறது; சார்க் விழிக்கிறது. வைரசின் சார்க்குக்கு அந்த வால் அறுந்துபோயிற்று. ஆகவே அதற்கு உறக்கமில்லை. பொசுபேற்று என்றால் ‘நட’ என்னும் ஆணை என்று எண்ணியிருந்த நான், அதுவே ‘நில்’ என்னும் ஆணையாகவும் இருப்பதை இங்கேதான் முதலில் விளங்கிக்கொண்டேன். ஆணை பொசுபேற்றில் இல்லை. அது எந்த இடத்திற் குந்துகிறது என்பதில் இருக்கிறது.

பனையேறியிடம் திரும்புவோம். கலத்தின் பற்றுப் புள்ளிகளிலே இன்ரகிறின் என்னும் புரதங்கள் மென்சவ்வை ஊடுருவி நின்று வெளியிலுள்ள நாரிழைகளைப் பிடிக்கின்றன. அவை பிடித்தவுடன் உட்புறத்திலே பற்றுப்புள்ளிக் கைனேசு என்னும் நொதியம் வந்து கூடுகிறது. இதனை 1992 இல் இனங்கண்டனர். அது கூடியதும் தன் மேலேயே, 397 ஆவது இடத்திலுள்ள தைரோசீனில், ஒரு பொசுபேற்றை இட்டுக்கொள்கிறது. அந்தக் குறியைக் கண்டு சார்க் வந்து ஒட்டுகிறது. ஒட்டியபின் அயலிலுள்ள புரதங்களின் மேலெல்லாம் பொசுபேற்றுகளை ஏற்றுகிறது. முன்விளிம்பு நீள்கிறது. இக்கைனேசு பற்றுவதற்கே உதவுவது என்று முதலிற் பலரும் நினைத்தனர். 1995 இல் அது அறவே இல்லாத எலிக் கலங்களை ஆக்கிப் பார்த்தபோது அக்கலங்களிலே பற்றுப் புள்ளிகள் குறையவில்லை, கூடியிருந்தன. நடைதான் குறைந்திருந்தது. எங்கும் இறுகப் பிடித்துக்கொண்டு, விடத் தெரியாமல், நின்ற இடத்திலேயே அவை நின்றன. அக்கைனேசின் பெருந்தொழில் விடுவிப்பதே என்று அதனாற் புலனாயிற்று.

இழுக்கும் விசையிலும் இதே மொழிதான். மயோசின் என்னும் புரதத்தின் சிறு சங்கிலியிலே பொசுபேற்று ஏறினால் அது அக்தின் இழைகளைப் பிடித்து இழுக்கிறது, இறங்கினாற் கைவிடுகிறது. பழைய அக்தின் இழைகளை வெட்டிப் புதிய இழைக்குப் பொருள் சேர்க்கும் கோபிலின் என்னும் புரதத்திலோ முறை தலைகீழ். அதன் மூன்றாவது இடத்துச் செரீனிற் பொசுபேற்று ஏறினால் அது ஓய்ந்துவிடும். இறங்கினால் வெட்டத் தொடங்கும். ஒரே கலத்திலே, ஒரே நிமிடத்திலே, முன்புறத்தில் ஒன்று ஏறவும் பின்புறத்தில் இன்னொன்று இறங்கவும் வேண்டும். தாளம் பிசகினால் நடை இல்லை.

இனி என் அம்மம்மாவின் கொடுப்பு. அங்கே உள்ள கலங்கள் நடப்பன அல்ல. ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு, மெல்லிய அடித்தள மென்சவ்வின் மேல் அடுக்கடுக்காய் இருப்பவை. புண் வந்தால் மட்டும் கைவிட்டு நகர்ந்து, இடைவெளி மூடியதும் அயற்கலத்தைத் தொட்டு நின்றுவிடும். பாக்கும் சுண்ணாம்பும் கலக்கும்போது பிறக்கும் தீவிர ஒட்சிசன் கூறுகளும், புகையிலையின் நைத்திரோசமீன்களும் அவ்விடத்தை நாள்தோறும், ஆண்டுதோறும் அரிக்கின்றன, மரபணுக்கள் சிதைகின்றன. சிதைவு, வளர்ச்சிச் செய்தியை வாங்கும் கைனேசுகளை ஓயாமல் விழித்திருக்கச் செய்தால், ‘மூடிக்கொள்’ என்னும் ஆணை புண் இல்லாதபோதும் கேட்டுக்கொண்டே இருக்கும். வாய்ப்புற்றிலே பற்றுப்புள்ளிக் கைனேசு மிகுந்திருப்பதை ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர். கைகோத்து நிற்க உதவும் புரதங்களின் தைரோசீன்களிலும் பொசுபேற்று ஏற, கோத்த கை நெகிழ்கிறது. கலம் அடித்தள மென்சவ்வை நொதியங்களால் அரித்துத் துளைத்துக் கீழே இறங்குகிறது. நிணநீர்க் குழாயைக் கண்டு அதன்வழி கழுத்துக்குச் செல்கிறது. அது புதிதாய் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கருவிலும் காயத்திலும் நடந்த அதே நடையே அது. நிற்பதை மட்டும் மறந்துவிட்டது.

புகையிலையை நீக்கி வெற்றிலை போட்டாற் கேடில்லை என்று எம்முள் ஒரு நம்பிக்கை உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலை மனிதருக்குப் புற்றை விளைவிப்பது என்று 1985 இலே தீர்த்தது. புகையிலை சேராத வெற்றிலையும், தனிப்பாக்குமே அவ்வாறு விளைவிப்பன என்று 2004 இல் வெளியான அறிக்கையிலே சேர்த்துரைத்தது. இலங்கை ஆடவரிடையே மிகுந்து காணப்படும் புற்று வாய்ப்புற்றே.

விழித்த கைனேசை உறங்கவைக்கும் மருந்து இல்லையா என்று வாசகர் வினவலாம். உண்டு. வளர்ச்சிச் செய்தியை வாங்கும் கைனேசு ஒன்றைத் தடுக்கும் செற்றுக்சிமாப் என்னும் மருந்து தலை, கழுத்துப் புற்றுக்கென்று 2006 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பற்றுப்புள்ளிக் கைனேசையே தடுக்கும் மருந்தொன்று, வேறொரு மருந்துடன் சேர்த்து, 2025 மே மாதத்திலே சூலகப் புற்றின் ஒரு வகைக்கு அங்கே அனுமதி பெற்றது. வாய்ப்புற்றுக்கோ இன்றும் கத்தியும் கதிருமே முதன்மை மருந்து. கலம் நடக்குமுன் கத்தி சென்றால் சிறிய வெட்டோடு போகும். நடந்தபின் சென்றால் தாடையும் கழுத்தும் பங்கு கொடுக்க நேரும்.

போர்க்காலத்திலே வடக்கு நோயாளர் பலர் இச்சிகிச்சைக்கு மகரகம வரை செல்ல வேண்டியிருந்தது. 2011 இலே தெற்கின் தேவேந்திரமுனையிலிருந்து வடக்கின் பருத்தித்துறை வரை இருபத்தேழு நாள் நடந்து நிதி திரட்டினார்கள். அந்நிதியைக் கொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013 இலே திறக்கப்பட்டது. சிங்களவரும் தமிழரும் வெயிலிற் கூடி நடந்த அந்நடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்வதுண்டு.

எனினும், வைத்தியசாலைக்கு முன்னே செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். எமது புகையிலை சென்று இறங்கிய அதே திருவிதாங்கூர் மண்ணிலே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாய்ச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்திற் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு அதனால் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என்று 2005 இலே அறிவித்தனர். இலங்கையிலும் ஆரம்ப சுகாதாரப் பணியாளரைக் கொண்டு இவ்வாறு வாய் பார்க்கலாம் என்பதை 1984 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருந்தது.

பார்க்க வேண்டியவை சிலவே. துடைத்தாற் போகாத வெள்ளைத் தழும்பு; அதனினும் அஞ்சத்தக்க சிவந்த திட்டு; மூன்று கிழமையில் ஆறாத புண்; முன்பு மூன்று விரல் நுழைந்த வாய் இரண்டு விரலுக்கே இடங்கொடுத்தல்; நோவில்லாத கழுத்துக் கட்டி. கொடுப்பை விரலால் விரித்து, நாவை ஒருபுறம் ஒதுக்கி, சன்னலோரத்து வெளிச்சத்திலே நின்று பார்த்தாற் போதும்; ஐந்து நிமிடம் ஆகாது. என் அம்மம்மாவின் கொடுப்பை அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் எவரும் விளக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை.